ஐந்தாம் தாழிக்கு எழுதிய வரி

விவரப் பலகை எதுவும் நாற்பது சொல்லைத் தாண்டக் கூடாது என்று உங்களில் பலருக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். தாண்டியவர்கள் மேல் எரிந்தும் விழுந்திருக்கிறேன். படிப்பவர் நின்றுகொண்டே படிக்கிறார், அவருக்குக் கால் வலிக்கும், அதை மனதில் வைத்து எழுதுங்கள் என்பேன். ஆனால் என் பணிக்காலத்தில் என்னைப் படாத பாடு படுத்திய பலகையில் மொத்தமே ஒன்பது சொற்கள்தான். அந்த ஒன்பதை எழுதி முடிக்க எனக்கு ஏழு மாதம் ஆயிற்று.

அருங்காட்சியக வடிவமைப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று வெகு நாளாக நினைத்திருந்தேன். தள்ளிக்கொண்டே போனதற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. இந்தக் கதையில் நான் அவ்வளவு நல்லவளாக வரமாட்டேன். இப்போது ஓய்வு பெற்று தூத்துக்குடிப் பக்கம் நாசரேத்தில் வீட்டோடு இருக்கிறேன். இனி யாரும் என்னை வேலையை விட்டுத் தூக்க முடியாது என்கிற தைரியத்தில் சொல்கிறேன்.

தாழி என்றதும் உங்களுக்கு ஆதிச்சநல்லூர்தான் நினைவுக்கு வரும். நான் சொல்வது அந்த ஊர் இல்லை. அங்கிருந்து ஆற்றோடு கீழே இறங்கி வந்தால், கடல்காற்று எட்டுகிற தூரத்தில் ஒரு சிற்றூர். பெயர் வேண்டாம். ஊரை ஒட்டி ஒரு பரம்பு. செம்மண்ணும் சரளையுமான மேட்டு நிலத்தை அந்தப் பக்கம் பரம்பு என்பார்கள். அங்கே தோண்டிப் பார்த்ததில் ஒரே குழியில் ஐந்து தாழிகள் கிடைத்தன. இறந்தவர்களின் எலும்பை வைத்துப் புதைத்த மண்பானைகள். நான்கு பெரியவை, ஒருவர் குந்தி உட்காரலாம். ஐந்தாவது முழங்கால் உயரம்கூட இல்லை. அது குழந்தைக்கு உரியதா என்று நிபுணர்கள் உறுதியாகச் சொல்லவில்லை. ஊர்க்காரர்களுக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை.

அந்தக் குழியைச் சுற்றி ஒரு சிறிய அருங்காட்சியகம் கட்டுவது என்று முடிவானது. வடிவமைப்பு என் பொறுப்பு. நிலத்தைக் கொடுத்தவர் தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் கயிறும் சாக்கும் தார்ப்பாயும் விற்கிற ஒரு கடைக்காரர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. எனக்கும் அண்ணாச்சிதான். தானமாகத்தான் கொடுத்தார். பத்திரம் பதிந்த மறுநாள் நில அளவு விவரம் கேட்கக் கடைக்குப் போனேன். டீ சொன்னார். டீ வந்து, நான் குடித்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்து பேச்சை எடுத்தார்.

“எழுதிக் குடுத்தாச்சு. ஆனா ஒண்ணு இருக்கும்மா. அங்கன கெடக்கவுகள எடுக்கக் கூடாது.”

“தாழியையா சொல்லுதிய அண்ணாச்சி?”

“தாழின்னு நீங்க சொல்லுதிய. உள்ள ஆளு இருக்காவல்லா? அவுக யாரு எவருன்னு எனக்குத் தெரியாது. எங்க தாத்தா அந்த எடத்த வாங்குததுக்கு முன்னாலயே வந்து படுத்திருக்காவ. நான் எடத்தத்தான் குடுத்தேன். அவுகளக் குடுக்கல.”

“எடுக்க மாட்டோம் அண்ணாச்சி. நான் பொறுப்பு” என்றேன். சொல்வதற்கு எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. தாழிகளை இருந்த இடத்திலேயே விட்டு, குழிக்கு மேலே கனத்த கண்ணாடி போட்டு, சுற்றி நின்று குனிந்து பார்க்கிற மாதிரி என் வரைபடம் ஏற்கெனவே தயாராக இருந்தது. அவர் கேட்டதும் நான் வரைந்ததும் ஒன்றாக இருந்ததால் வாக்கு சுலபமாக வந்துவிட்டது. சுலபமாகக் கொடுத்த வாக்கைத்தான் நாம் எளிதில் மறக்கிறோம். இதை இப்போதைக்கு இங்கே வைத்துவிட்டு மேலே போகிறேன்.

கண்ணாடி வேலையை எடுத்துச் செய்தவர் மிக்கேல். தூத்துக்குடிக் கடற்கரைக்காரர். இளவயதில் துறைமுகத்தில் சரக்கு இறக்குகிற வேலையில் இருந்து, பிறகு கண்ணாடித் தொழிலுக்கு வந்தவர். அதிகம் பேசமாட்டார். குழியின் குறுக்கே கண்ணாடியைத் தாங்க ஓர் இரும்பு உத்திரம் வேண்டியிருந்தது. அது நடுவில் வந்தால் பெரிய தாழியின் வாயை மறைக்கும், படம் எடுப்பவர்களுக்கு இடைஞ்சல் என்று நான்தான் அதை ஓரமாக நகர்த்தச் சொன்னேன். நகர்த்தியபோது அது சின்னத் தாழிக்கு நேர் மேலே வந்தது. அழகாகத்தான் இருந்தது. அந்த உத்திரத்தைப் பொருத்திக்கொண்டிருந்தபோது மிக்கேல் தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தார்.

“மேடம், மேல ஏசியா போடுதிய?”

“ஆமா. இந்த வெயில்ல ஏசி இல்லாம யாரு நின்னு பாப்பாங்க?”

“இல்ல, சும்மா கேட்டேன்” என்று மறுபடியும் குனிந்துகொண்டார்.

வேலை நடக்கிற இடத்தில் ஒருவர் “இல்ல, சும்மா கேட்டேன்” என்றால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, ஏன் கேட்டார் என்று கேளுங்கள். யாரும் சும்மா கேட்பதில்லை. நம் முகத்தைப் பார்த்துத்தான் பாதியில் நிறுத்துகிறார்கள். என் முகம் அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். டீச்சர் வீட்டில் வளர்ந்தவள் நான். கேள்விகளைச் சரி, தவறு என்று திருத்துகிற முகம் எனக்குப் பிறவியிலேயே உண்டு.

திறப்பு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் குறிக்கப்பட்டது. ஐப்பசி மழை கொட்டித் தீர்த்து, நாலு நாளாக வெயில் காய்ந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை ஏசியைச் சோதனைக்காக ஓட விட்டோம். கூடம் ஜில்லென்று ஆனது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். செவ்வாய்க்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் கண்ணாடிக்குக் கீழே ஒன்றுமே தெரியவில்லை. அடிப்பக்கம் முழுக்க வெள்ளையாகப் புகை போல மூடியிருந்தது. உத்திரத்தின் வழியாகத் தண்ணீர் ஓடி, ஒரே இடத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே இருந்தது சின்னத் தாழி.

உங்களுக்கு இந்த வேலையில் என்றைக்காவது ஒரு நெருக்கடி வரும். வரும்போது முதலில் என்ன நடந்தது என்று பார்க்கத் தோன்றாது. யாரால் நடந்தது என்று பார்க்கத்தான் தோன்றும். எனக்கும் அப்படித்தான். கண்ணாடியின் இணைப்புகளில் பூசிய பசை விட்டுப்போயிருக்கிறது, மழைத் தண்ணீர் எங்கிருந்தோ சுவர் வழியாக வந்து இணைப்பில் இறங்குகிறது என்று அரை மணி நேரத்தில் முடிவு கட்டிவிட்டேன். புதன்கிழமை காலை திட்ட அதிகாரிக்குக் கடிதம் எழுதினேன். கண்ணாடி பொருத்திய மிக்கேலின் வேலையில் குறை, குழி இனி பாதுகாப்பானது இல்லை என்று தெளிவாக எழுதினேன். நகலை மிக்கேலுக்கும் அனுப்பினேன். என் கடிதங்கள் எப்போதும் தெளிவாக இருக்கும்.

அதிகாரி மோசமான மனிதர் இல்லை. வெளியூர்க்காரர், கெட்டிக்காரர், விழாவுக்கு நான்கு நாள் மட்டும் இருக்கிற நிலையில் இருந்த ஒருவர். கடிதத்தைப் படித்துவிட்டுக் கூப்பிட்டார்.

“குழி பாதுகாப்பு இல்லைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்போ தாழியெல்லாம் எடுத்துக் காப்பறையில வச்சிருவோம். குழந்தைங்க தொட்டுப் பாக்கறதுக்குன்னு அஞ்சு நகல் செஞ்சு வச்சிருக்கீங்கல்ல? அதைக் குழிக்குள்ள வச்சிருங்க. கண்ணாடிக்குக் கீழே யாருக்குத் தெரியப் போகுது?”

“சார், எடுக்க மாட்டோம்னு நிலம் கொடுத்தவர்கிட்ட சொல்லியிருக்கோம்.”

“பத்திரத்துல இருக்கா?”

“இல்ல சார். வாய்ப்பேச்சுதான்.”

“அப்போ விழா முடியட்டும், திரும்ப வச்சுக்கலாம். இங்கேயே விட்டு அது கரைஞ்சு போனா மட்டும் அவர் சந்தோஷப்படுவாரா?”

அவர் சொன்னதெல்லாம் என் கடிதத்தில் இருந்து பிறந்தது. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தாழிகள் வெளியே வந்தால் புகை மூடினாலும் கவலை இல்லை, என் பெயர் பிழைத்தது என்று உள்ளூர ஒரு நிம்மதியும் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முதல் தாழியைத் தூக்குவது என்று ஏற்பாடாயிற்று. தொல்பொருள் பாதுகாப்பாளர் மல்லிகா வருவதாகச் சொன்னார். உடைந்துபோகக் கூடிய பொருள்களைக் கையாளுவதுதான் அவருடைய படிப்பும் தொழிலும். சின்னதில் இருந்து தொடங்குவோம் என்றார். அதில்தான் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை பிற்பகல் நாலு மணிக்கு மிக்கேல் வந்தார். கையில் என் கடிதத்தின் நகல் இருந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பேசினார்.

“எம் பேர எழுதிட்டியளே மேடம்.”

“ஒழுகுது மிக்கேல். நான் என்ன செய்ய?”

அவர் குழியோரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கண்ணாடியின் மேல்பக்கத்தை உள்ளங்கையால் ஒரு கோடியில் இருந்து மறு கோடி வரை தடவினார். பிறகு கையை என்னிடம் நீட்டிக் காட்டினார். கை காய்ந்திருந்தது.

“மேல ஒரு சொட்டு இல்ல. தரையும் காஞ்சு கெடக்கு. சொவரும் காஞ்சு கெடக்கு. காஞ்ச எடத்துல இருந்து தண்ணி எங்கன ஒழுகும்?”

நானும் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தேன்.

“இது ஒழுக்கு இல்ல மேடம். வேர்வை. கப்பல்ல கெடங்குக்குள்ள கொப்பரை, வெங்காயம் எல்லாம் ஏத்தி மூடி வச்சிருப்பாவ. உள்ள சூடும் ஈரமுமா இருக்கும். வெளிய குளிருத தேசத்துக்குப் போனா மேல்தட்டு இரும்பு குளுந்துரும். உள்ள இருக்க ஈரம் பூராவும் அதுல போய் ஒட்டி, அப்படியே சரக்கு மேல சொட்டும். மூட்டை மூட்டையா அழுகிப் போயிருக்கு, நான் எறக்கியிருக்கேன். இங்கன மழ குடிச்ச மண்ணு கீழ கெடக்கு. மேல நீங்க ஏசியப் போட்டுக் கண்ணாடிய ஐஸாக்கி வச்சிருக்கிய. பெறகு வேர்க்காம என்ன செய்யும்?”

“அன்னைக்கே ஏன் சொல்லல?”

“கேட்டேன்லா?”

ஏசியை அணைக்கச் சொன்னார். இரண்டு பக்கக் கதவையும் திறந்து வைத்தார். “ஒரு மணி நேரம் இருந்து பாருங்க” என்று வாசற்படியில் போய் உட்கார்ந்தார். நானும் இன்னொரு படியில் உட்கார்ந்தேன். தேரிக்காட்டுச் செம்மணலையும் உப்பையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வருகிற அந்தப் பிசுபிசுப்பான காற்று உள்ளே வந்து போனது. ஒரு மணி நேரம் கழித்து எழுந்து போய்ப் பார்த்தேன். கண்ணாடியின் ஓரங்களில் புகை விலகியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஐந்து தாழியும் தெரிந்தன.

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். மற்றதெல்லாம் இதற்கு முன்னுரைதான்.

அப்போது மணி ஐந்தே கால். அதிகாரியின் எண் என் போனில் இருந்தது. மல்லிகாவின் எண்ணும் இருந்தது. “நான் தப்பாக எழுதிவிட்டேன், நாளைக்குத் தூக்க வேண்டாம்” என்று சொல்ல அரை நிமிடம் போதும். நான் போன் செய்யவில்லை. எழுத்தில் சொன்னதை எழுத்தில்தான் மாற்ற வேண்டும், அதுதான் முறை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

முதல் கடிதத்தை எழுத இருபது நிமிடம் ஆயிற்று. இரண்டாவதை நாலு முறை எழுதினேன். “எதிர்பாராத தட்பவெப்ப மாற்றத்தால்” என்று ஒரு முறை தொடங்கினேன். “கூடத்துக்கும் குழிக்கும் உள்ள வெப்ப வேறுபாடு காரணமாக” என்று ஒரு முறை. யார் மேலும் தப்பு விழாத ஒரு வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். மொழி தெரிந்தவர்களுக்கு அப்படி ஒரு வாக்கியம் எப்படியும் கிடைத்துவிடும். எனக்கும் கிடைத்தது. மறுநாள் காலை கடைத்தெருவில் கம்ப்யூட்டர் கடை திறக்கிற வரை நின்று, நல்ல தாளில் அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதுகூட ஆகவில்லை. நேரத்தோடு வந்துவிட்டோம் என்று நினைத்தேன்.

வெயில் ஏறுவதற்கு முன்னால் முடித்துவிடலாம் என்று அதிகாரி வேலையை எட்டு மணிக்கே தொடங்கச் சொல்லியிருந்தார்.

கண்ணாடிப் பலகை ஒன்றை நகர்த்தி, மல்லிகா குழிக்குள் இறங்கியிருந்தார். சின்னத் தாழியைச் சுற்றித் துணி சுற்றி, அடியில் கை கொடுத்து, இரண்டு பேராகத் தூக்கியிருக்கிறார்கள். மூன்று நாளாகச் சொட்டிய தண்ணீரில் மண் ஊறிப் பானையும் ஊறியிருந்தது. அடிப்பாகம் மண்ணோடு நின்றுவிட்டது. சுவர் மட்டும் துணியோடு மேலே வந்து, வந்த வேகத்தில் பிளந்து உள்ளே சரிந்தது. நான் வாசலில் நுழையும்போது சத்தம் எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் அசையாமல் நின்றதைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

மல்லிகா நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: “ரொம்ப ஊறியிருக்கு. தொட்டிருக்கவே கூடாது.”

உறையை அதிகாரியிடம் கொடுத்தேன். அவர் அங்கேயே நின்று படித்துவிட்டு மல்லிகாவிடம் நீட்டினார். மல்லிகா சேறு படிந்த விரலால் தாளின் ஓரத்தைப் பிடித்துப் படித்தார்.

“இது வேர்வைதான்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சது?”

“நேத்து சாயங்காலம். அஞ்சு மணிக்கு.”

அவர் தலையை மட்டும் ஆட்டினார். இத்தனை வருடத்தில் என்னை எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள். சிலர் கோப்பைத் தூக்கி எறிந்திருக்கிறார்கள். அவை எதுவும் அந்தத் தலையாட்டலுக்குப் பக்கத்தில் வராது.

மீதி நான்கு தாழிகளை யாரும் தொடவில்லை. சின்னத் தாழியின் துண்டுகளையும் உள்ளே இருந்த மண்ணையும் எலும்புத் துணுக்குகளையும் மல்லிகா அன்று முழுக்க உட்கார்ந்து எடுத்தார். காப்பறையில் மெதுவாகக் காய வைக்க வேண்டும், மாதக் கணக்கில் ஆகும் என்றார். முதல் கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று அதிகாரியின் மேசையிலேயே எழுதிக் கொடுத்தேன். இந்த முறை இரண்டு நிமிடத்தில் எழுதினேன்.

சனிக்கிழமை காலை அண்ணாச்சி கடைக்குப் போனேன். விழா முடிந்து போய்ச் சொல்லலாம் என்று அதிகாரி சொன்னார். ஒரு முறை தள்ளிப்போட்டது போதும் என்று எனக்குத் தோன்றியது. அண்ணாச்சி ஒருவருக்குத் தேங்காய்நார்க் கயிறு அளந்துகொண்டிருந்தார். அளந்து முடித்து, வெட்டி, சுருட்டிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். ஏசி, உத்திரம், கடிதம், செய்யாத போன் எல்லாவற்றையும்.

“எது? சின்னதா?”

“ஆமா அண்ணாச்சி.”

“இப்ப எங்கன இருக்கு?”

“காப்பறையில. பெட்டியில வச்சிருக்கோம்.”

“தனியாவா?”

அந்தக் கேள்விக்கு நான் தயாராக இருக்கவில்லை. கோபப்படுவார், நிலத்தைக் கொடுத்ததே தப்பு என்பார், அதற்கெல்லாம் பதில் யோசித்துக்கொண்டு போயிருந்தேன். “ஆமா” என்று மட்டும் சொன்னேன். அதுவரை அந்தத் தாழியை நான் ஒரு பொருளாகத்தான் நினைத்திருந்தேன் என்று அப்போதுதான் உறைத்தது.

“சட்டுனு கொண்டுவந்து மத்தவுகளோட சேத்துருங்க” என்றார். அடுத்து வந்தவருக்குச் சாக்கு எண்ணிக் கொடுக்கப் போய்விட்டார். நான் அந்தக் கடைக்குப் பல தடவை போயிருக்கிறேன். அவர் டீ சொல்லாமல் விட்ட நாள் அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை விழா ஏசி இல்லாமல் நடந்தது. கண்ணாடி பளிங்காகத் தெரிந்தது. கூடத்துக்குள் எல்லோருக்கும் வேர்த்து ஊற்றியது. சிறப்பு விருந்தினர் பேசிய பேச்சு, நான் கேட்ட திறப்பு விழாப் பேச்சுகளிலேயே சின்னது. அதற்காக மட்டும் ஏசியை அணைத்ததில் எனக்குத் திருப்தி. ஐந்தாம் இடம் வெறும் பள்ளமாக இருந்தது. அங்கே நகலை வைக்கலாமே என்று அதிகாரி மெதுவாகக் கேட்டார். வேண்டாம் சார் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. அண்ணாச்சி விழாவுக்கு வரவில்லை. முன்வரிசையில் அவருக்குப் போட்டிருந்த நாற்காலியில் யாரோ பொன்னாடைகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

துண்டுகள் காய ஏழு மாதம் ஆயிற்று. ஒட்டி முழுதாக்கி வைக்கலாமா என்று ஒரு பேச்சு வந்தது. ஒட்டினால் மண்ணுக்குள் பசை போகும், அப்படியே வைப்பதுதான் நல்லது என்று மல்லிகா சொல்லிவிட்டார். உடைந்த தாழி உடைந்தபடியே தன் பள்ளத்துக்குத் திரும்ப வேண்டும், பக்கத்தில் ஒரு பலகை வேண்டும். பார்க்க வருகிறவர்கள் இது மட்டும் ஏன் இப்படி என்று கேட்பார்களே!

அதிகாரியின் அலுவலகத்தில் இருந்து ஒரு வாசகம் வந்தது: “சிதைந்த நிலையில் கிடைத்த தாழி.” நம் தொழிலில் இது ரொம்பப் பழகிய வாசகம். உலகத்தில் உள்ள முக்கால்வாசி உடைந்த பானைகளுக்குப் பக்கத்தில் இது இருக்கும். பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்காக உடனே சரியானதை எழுதினேன் என்று நினைத்துவிடாதீர்கள். “பராமரிப்பின்போது சேதமடைந்தது” என்று எழுதினேன். “இயற்கைக் காரணங்களால்” என்றுகூட ஒரு நாள் எழுதிப் பார்த்தேன். அந்தத் தாளை யாரும் பார்ப்பதற்கு முன்னால் கிழித்துப் போட்டேன். ஏழு மாதமும் இப்படித்தான் போயிற்று. கடைசியில் அச்சுக்கு முன் வைத்துப் பார்க்க ஒரு தாளை எடுத்துக்கொண்டு போனேன். “இந்தத் தாழி முழுதாகக் கிடைத்தது. இக்கூடம் கட்டப்பட்டபோது உடைந்தது.” நேர்மையாக எழுதிவிட்டேன் என்று எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

துண்டுகளைத் திரும்ப வைக்கிற நாளில் அண்ணாச்சி வந்தார். நான்தான் சொல்லி அனுப்பியிருந்தேன். செருப்பை வெளிவாசலிலேயே கழற்றிவிட்டு வந்து, கூடத்தில் சுவரோரமாக நின்றார். கண்ணாடியைத் தூக்க மிக்கேல் வந்திருந்தார். மல்லிகா குழிக்குள் இறங்கி, அடிப்பாகம் நின்ற இடத்தைச் சுற்றித் துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்தார். எலும்புத் துணுக்குகளைக் கடைசியாக வைத்தார். மிக்கேல் கண்ணாடியை மூடியதும், நான் பலகைத் தாளை அதன் இடத்தில் வைத்தேன். அண்ணாச்சி கிட்டே வந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். இரண்டு முறை படித்தார் என்று நினைக்கிறேன்.

“கட்டும்போது ஒடஞ்சதுன்னு போட்டிருக்கு.”

“ஆமா அண்ணாச்சி. உண்மைதான?”

“கட்டுனவன் இந்தா நிக்கான்லா” என்று மிக்கேலைக் காட்டினார். “இவனா ஒடச்சான்?”

மிக்கேல் எதையும் பார்க்காமல் கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த மனிதரின் பெயரை நான் இரண்டாவது முறையாக எழுதியிருந்தேன். இந்த முறை பெயர் சொல்லாமல். ஏழு மாதம் யோசித்து எழுதிய வாக்கியத்திலும் தப்பை எங்கேயாவது இறக்கி வைக்கத்தான் இடம் தேடியிருக்கிறேன் என்பது, பள்ளிக்கூடத்தில் எட்டு வரை படித்த ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அவ்வளவு வெட்கமாக இருந்தது.

பேனாவை எடுத்து இரண்டாவது வாக்கியத்தை அடித்தேன். கீழே வேறொன்று எழுதினேன். அண்ணாச்சி அதையும் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார்.

“ஏலே மிக்கேலு, வெளிய டீக்கட இருக்கா? நாலு டீ சொல்லு. மேடத்துக்கும் சேத்து.”

திருத்திய தாளை அதிகாரியிடம் கொண்டுபோனபோது வெகு நேரம் என்னைப் பார்த்தார். “ஏன் மேடம் உங்க தலையில நீங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கறீங்க?” என்றார். பிறகு கையெழுத்துப் போட்டார். தூக்கச் சொன்னது நான்தானே என்று ஒரு வார்த்தை அவரும் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அது அவர் பாடு. நான் என் பங்குக்கு மட்டும்தான் எழுத முடியும்.

அந்த அருங்காட்சியகத்தின் வாசலில் ஒரு பளிங்குக் கல்வெட்டு இருக்கிறது. திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர் என்று நிறையப் பெயர்கள் அதில் இருக்கின்றன. நிலம் கொடுத்தவர் பெயரும் இருக்கிறது. வடிவமைத்தவர் பெயர் இல்லை. நம் தொழிலில் அது வழக்கமும் இல்லை, அதைப் பற்றி எனக்குக் குறையும் இல்லை. உள்ளே போனால் ஐந்தாம் தாழிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பலகை. “இந்தத் தாழி முழுதாகக் கிடைத்தது. இக்கூடத்தை வடிவமைத்தவர் செய்த பிழையால் உடைந்தது.”

அந்தக் கட்டடத்தில் என் வேலையைப் பற்றி எழுதியிருப்பது அது ஒன்றுதான். அந்தப் பக்கம் போனால் படித்துவிட்டு வாருங்கள். ஒன்பதே சொற்கள், கால் வலிக்காது.